வீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி ஏரியாவைப் பாருங்க: வாடகை, பாதுகாப்பு, வசதி மூணையும் எடை போடுறது எப்படி

போன தடவை வீடு மாறுனப்போ ஏரியாவைத் தப்பா எடுத்துட்டு பதினோரு மாசம் அவதிப்பட்டோம். இந்தத் தடவை நாலு வாரம் ஒதுக்கி ஒழுங்கா கணக்குப் போட்டு மாறுனோம், இப்ப நிம்மதியா இருக்கோம். நடுவுல கத்துக்கிட்டதைத்தான் எழுதுறேன். வீட்டுக்குள்ள என்ன பாக்கணும், அக்ரிமென்ட் எப்படிப் போடணும்ங்குறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதுக்குள்ள போகல.

ஸ்டெப் 1: வாடகையோட போக்குவரத்தையும் கூட்டுங்க

வருமானத்துல 30 சதவீதத்துக்கு மேல வாடகை போகக்கூடாதுன்னு எல்லாரும் சொல்றாங்க இல்லையா, அது அமெரிக்காவுல அரசு உதவி வீடுகள்ல இருக்குறவங்க எவ்வளவு வாடகை கட்டணும்னு 1981ல வச்ச அளவு. அதுல பஸ், பெட்ரோல் எதுவும் சேராது. சிகாகோவுல சென்டர் ஃபார் நெய்பர்ஹுட் டெக்னாலஜின்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 சதவீதத்துக்குள்ள நிக்கணும்னு வச்சிருக்காங்க. எனக்கு இதுதான் சரின்னு படுது.

ஒரு ஏரியாவுல வாடகை 22 சதவீதம், போக்குவரத்து 18 சதவீதம்னா மொத்தம் 40. இன்னொண்ணுல வாடகை 30, ஆனா ஆபீஸ் பக்கம், போக்குவரத்து வெறும் 5, மொத்தம் 35. வாடகையை மட்டும் பாத்தா முதல் ஏரியாதான் சீப்புன்னு தோணும்.

நேரத்தையும் சேருங்க. போக 40 நிமிஷம் வர 40 நிமிஷம் கூடுதலா ஆச்சுன்னா, மாசம் 22 வேலை நாளுக்கு 29 மணி நேரம் போச்சு. இதுக்கு கூகுள் மேப்ஸ்தான் என் சாய்ஸ், ஆனா ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாத்துட்டு முடிவு பண்ணிடாதீங்க, கிளம்புற நேரத்தை திங்கட்கிழமை காலைன்னு செட் பண்ணிப் பாருங்க. 35லருந்து 60 நிமிஷம்னு காட்டும், அதுல 60ஐ எழுதிக்கோங்க.

ஸ்டெப் 2: வசதின்னா நீங்க வாரா வாரம் போற இடம் மட்டும்

விளம்பரத்துல இருக்குற நீச்சல் குளத்தையெல்லாம் விடுங்க. போன மாசம் நீங்க நெஜமாவே எங்கெங்க போனீங்களோ அதை எழுதுங்க. எங்க லிஸ்ட்ல கடைசில ஆறுதான் மிஞ்சுச்சு: காய்கறி, மருந்துக்கடை, கிளினிக், பஸ் ஸ்டாப், பிள்ளையோட ஸ்கூல், சாயங்காலம் உக்கார ஒரு பார்க்.

சாதாரணமா நடந்தா 10 நிமிஷத்துக்கு 800 மீட்டர் போகலாம். ஆனா மேப்ல 800 மீட்டருக்கு வட்டம் போட்டுட்டு எல்லாம் பக்கம்தான்னு நம்பிடாதீங்க, நடுவுல ஒரு ரயில் பாதையோ பெரிய ரோடோ இருந்தா சுத்திக்கிட்டுத்தான் போகணும். நடைபாதை, குறுக்கு வழி பாக்க எனக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பிடிக்கும், சின்னச் சின்னப் பாதையெல்லாம் பல ஊர்கள்ல அதுல தெளிவா இருக்கு.

ஸ்டெப் 3: மார்க் போடுறது (நான் தப்பு பண்ண இடம்)

இதை மெதுவாப் படிங்க. முதல் தடவை நானும் கூகுள் ஷீட்ஸ்ல வாடகைக்கு 10, பாதுகாப்புக்கு 10, வசதிக்கு 10னு போட்டுக் கூட்டுனேன். ஒரு ஏரியா வாடகைக்கு 10, வசதிக்கு 9, பாதுகாப்புக்கு 3 எடுத்து மொத்தம் 22. இன்னொண்ணு 7, 7, 7னு 21. 22தான் ஜெயிச்சுச்சு, போயிட்டோம்.

அந்த 3 என்னன்னு அங்க போய்த்தான் புரிஞ்சுச்சு. பஸ் ஸ்டாப்லருந்து வீட்டுக்கு 600 மீட்டர், ஒரு பக்கம் குடோன் சுவர், இன்னொரு பக்கம் வேலி போட்ட காலி இடம், தெருவைப் பாத்த மாதிரி ஒரு கதவு ஒரு ஜன்னல் கிடையாது. மூணு விளக்குல ஒண்ணுதான் எரியும். என் மனைவிக்கு வேலை முடிஞ்சு வர ஒன்பதரை ஆகும், தினமும் நான் ஸ்டாப்புக்குப் போய் நின்னு கூட்டிட்டு வருவேன், நான் ஊர்ல இல்லாத அன்னைக்கு அவங்க போன்ல பேசிக்கிட்டே நடந்து வருவாங்க. வாடகை எவ்வளவு கம்மியா இருந்தாலும் அந்த 600 மீட்டரை அது சரிக்கட்டாது. கூட்டல் கணக்கு சரிக்கட்டும்னு காட்டுது, அதுதான் அதுல இருக்குற கோளாறு.

அதனால பாதுகாப்புக்கு மார்க் போடாதீங்க, பாஸ் இல்ல ஃபெயில், அவ்வளவுதான். ஃபெயில் ஆன ஏரியாவை ஷீட்லருந்தே தூக்கிடுங்க.

இன்னொரு சிக்கலும் இருக்கு. இருக்குறதுலயே சீப்புக்கு 10, காஸ்ட்லிக்கு 0ன்னு போடுவோம் இல்லையா, மூணு ஏரியாவுக்கும் வாடகை வித்தியாசம் வெறும் 5 சதவீதம்னாக்கூட ஷீட் 10, 5, 0ன்னு காட்டும், சின்ன வித்தியாசம் மலை மாதிரி தெரியும். இப்ப நான் மார்க்கே போடுறதில்ல. பாஸ் ஆனதை ரெண்டு ரெண்டா எடுத்து, "அந்த ஏரியாவுல இருக்குற வசதி இங்க கிடைக்கும்னா மாசம் எவ்வளவு கூடக் குடுப்பேன்?"னு கேட்டு ஒரு தொகை எழுதுறேன். அந்தத் தொகை ஸ்டெப் 1ல வந்த செலவு வித்தியாசத்தை விட அதிகமா இருந்தா வசதியான ஏரியா, கம்மியா இருந்தா சீப்பான ஏரியா. வீட்ல ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிட்டு அப்புறம் ஒப்பிடுங்க, சேர்ந்து உக்காந்து எழுதுனா சத்தமாப் பேசுறவங்க நம்பர்தான் நிக்கும்.

ஸ்டெப் 4: பாஸா ஃபெயிலான்னு நேர்ல போய்ப் பாருங்க

போலீஸ் புள்ளிவிவரம் கிடைச்சா பாருங்க, ஆனா எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்காதீங்க. பெரிய மார்க்கெட், ஸ்டேஷன் இருக்குற ஏரியாவுக்கு பகல்ல வெளியூர் ஆளுங்க ஆயிரக்கணக்குல வருவாங்க, திருட்டு கேஸ் அங்க அதிகமாத்தான் இருக்கும், குடியிருக்குற தெரு அமைதியா இருக்கலாம். புகாரே குடுக்காத ஏரியா பேப்பர்ல சுத்தமாத் தெரியும்.

ராத்திரி ஒன்பதரைக்கு, நீங்க வழக்கமா இறங்கப்போற ஸ்டாப்லருந்து வீடு வரைக்கும் நடங்க. கார்ல சுத்துறது கணக்குல சேராது. எரியாத விளக்கை எண்ணுங்க, தெருவைப் பாத்த கதவு, ஜன்னல், திறந்திருக்குற கடை எத்தனைன்னு எண்ணுங்க. பெண்கள், வயசானவங்க தனியா நடக்குறாங்களான்னு பாருங்க, எனக்கு இதை விடப் பெரிய அடையாளம் எதுவும் தெரியல. தரைத்தள வீட்டுச் சுவர்ல தண்ணி நின்ன கறை இருக்கான்னும் ஒரு பார்வை.

அப்டேட் 1: கமென்ட்ல ஒருத்தங்க எழுதுனாங்க, குழந்தைகள் காப்பகம் 300 மீட்டர்லதான் இருக்கு, ஆனா அஞ்சு மணிக்கே மூடிடுறாங்க, ஆபீஸ்லருந்து வந்து சேரவே ஆறாகுதுன்னு. ரொம்பச் சரி, நான் விட்டுட்டேன். ஸ்டெப் 2 லிஸ்ட்ல தூரத்துக்குப் பக்கத்துலயே திறக்குற நேரம், மூடுற நேரம்னு தனியா ஒரு கட்டம் சேர்த்துக்கோங்க.

அப்டேட் 2: வீட்லருந்தே வேலை பாக்குறவங்க ரெண்டு மூணு பேர் சத்தத்தைப் பத்திக் கேட்டீங்க. உலக சுகாதார அமைப்போட ஐரோப்பியக் கிளை 2018ல குடுத்த வழிகாட்டுதல்படி ரோட்டுச் சத்தம் ராத்திரி சராசரியா 45 டெசிபலுக்குக் கீழ இருக்கணும். போன் ஆப்ல துல்லியமா வராது, ஆனா ரெண்டு தெருவை ஒப்பிட்டுப் பாக்கப் போதும், ஒரே போன், ஒரே ஆப் வச்சு அளங்க. உங்களுக்கு ராத்திரி நடையோட, வேலை நாள்ல காலைல பதினோரு மணிக்கும் ஒரு நடை வேணும், மாடில ஜன்னலைத் திறந்து வச்சு ஒரு போன் கால் பேசிப் பாருங்க, சிக்னலும் தெரிஞ்சிடும்.