கழுவிய பிறகும் கார் சொரசொரக்கிறதா? கிளே பார் போட்டுப் பாருங்கள்

காரைக் கழுவித் துடைத்ததும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் கையை விட்டு பானெட்டை லேசாகத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், கைக்கு உப்புத்தாள் மாதிரி இருக்கும். என் வெள்ளைக் கார் சென்னையில் ரயில் பாதையை ஒட்டிய தெருவில் நிற்பது. சக்கரமும் தண்டவாளமும் உரசிப் பறக்கும் இரும்புத் தூள் பெயிண்டில் ஒட்டித் துருப்பிடித்து, அங்கங்கே காவிப் புள்ளியாகத் தெரியும். மரப்பிசின், பக்கத்து வீட்டு கேட்டுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தபோது பறந்து வந்த தூசி என்று இன்னும் நிறைய உண்டு. ஷாம்பூவுக்கு இதெல்லாம் அசையாது.

இதற்குத்தான் கிளே பார். பானை செய்கிற களிமண் இல்லை, நுண்ணிய தேய்ப்புத் துகள் கலந்த செயற்கைப் பசை உருண்டை. முதல் தடவை என்றால் மென்மையான ரகம், அதாவது ஃபைன் போதும்.

காரை நன்றாகக் கழுவி நிழலில் நிறுத்துங்கள், பானெட் சூடாக இருக்கக் கூடாது. கட்டியைப் பாதியாக வெட்டி ஒன்றை எடுத்து வையுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இன்னொன்றைப் பிசைந்து, மூன்று விரல் அகலத்துக்கு வடை போலத் தட்டிக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீர் போதாது, வழுக்க வேண்டும். அதற்கென்று விற்கும் ஸ்ப்ரே, இல்லாவிட்டால் தண்ணீரில் கரைத்த கார் ஷாம்பூ. கஞ்சத்தனம் இல்லாமல் அடியுங்கள், கோடு விழுவது பெரும்பாலும் இந்தக் கஞ்சத்தனத்தால்தான்.

இரண்டடிக்கு இரண்டடி இடமாக எடுத்து, அழுத்தாமல், நேர்க்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். வட்டமாகத் தேய்க்க வேண்டாம். முதலில் கரகரவென்று பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி வழுக்கிக்கொண்டு போகும், அங்கே நிறுத்திவிட்டு மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து அடுத்த இடத்துக்குப் போங்கள். கிளேயின் முகம் பழுப்பானதும் உள்ளே மடித்துப் பிசைந்து சுத்தமான பக்கத்தை வெளியே கொண்டுவர வேண்டும். கூரையும் பானெட்டும்தான் அதிக நேரம் கேட்கும். கதவின் அடிப்பகுதி அழுக்கு ஜாஸ்தி, அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளே தரையில் விழுந்தால்? யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், பெயிண்ட் முழுக்கக் கீறல்தான். பாதியை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

பழைய கீறலும், வெயிலில் வட்ட வட்டமாகத் தெரியும் சுழல் கோடும் இதில் போகாது, அது பாலிஷ் வேலை. கறுப்பு காரில் கிளேயே மெல்லிய மங்கல் விட்டுப் போகலாம், அதையும் பாலிஷ்தான் சரி செய்யும். பளபளப்பில்லாத மேட் பெயிண்டிலும் வினைல் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்திலும் கை வைக்காதீர்கள்.

முடிந்ததும் ஒரு தடவை அலசித் துடைத்து, அன்றைக்கே பெயிண்டைக் காக்கும் மெழுகுப் பூச்சான வாக்ஸ் போட்டுவிடுங்கள், பழைய வாக்ஸும் கிளேயோடு போயிருக்கும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். மீந்த கட்டியில் நாலு சொட்டு ஸ்ப்ரே விட்டு டப்பாவில் மூடி வையுங்கள், காய்ந்தால் கல்லாகிவிடும். ரொம்பக் கறுத்துப்போனதை அலாய் வீலுக்கு ஒதுக்கலாம்.