முதலாண்டு பிஜிக்கள் செய்யும் தவறுகள்

நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத்தில் பிஜி, அதாவது முதுநிலை, படிக்க வருகிறவர்கள் பேட்ச் பேட்சாகச் செய்யும் தவறுகள் வேறு.

ஒற்றை வரி ஹேண்டோவர்

டியூட்டி முடித்துக் கிளம்புகிறவர் அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒரே வரியில் ஒப்படைப்பதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் யூனிட்டில் ஒரு ஜூனியர், அக்கா நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், ‘எல்லாரும் ஸ்டேபிள், பார்த்துக்கோ மச்சி’ என்று வாட்ஸ்அப் அனுப்பிவிட்டுப் போய்விட்டான். ஐஎம்சியு-வில் (தீவிர சிகிச்சைப் பிரிவில்) ஒரு டிகேஏ நோயாளிக்கு (சர்க்கரை நோய் முற்றி ரத்தத்தில் அமிலம் ஏறியவருக்கு) இன்சுலின் ஓடிக்கொண்டிருந்தது. இன்சுலின் பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளிவிடும், ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். சாயங்காலம் அனுப்பிய சாம்பிளின் ரிசல்ட் லேபிலேயே கிடந்தது. அனுப்பிய விஷயமே நைட் டியூட்டிக்காரனுக்குத் தெரியாது. மானிட்டரைப் பார்த்து சிஸ்டர் கூப்பிட்ட பிறகு தேடி எடுத்தால், பொட்டாசியம் 2.6, ஆபத்தான அளவுக்குக் குறைவு! இன்சுலினை நிறுத்திப் பொட்டாசியம் ஏற்றினோம், ஆள் தப்பித்தார். மண்டபத்தில் இருந்தவனுக்கு ராத்திரி முழுக்க போன். அப்புறம் இரண்டு பேரும் மாதக்கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. அவர்களைச் சேர்த்து டியூட்டி போட முடியாமல் நான்தான் அல்லாடினேன்.

நேரில் நின்று சொல்லுங்கள். யார் மோசமாக இருக்கிறார், எந்த ரிசல்ட் எத்தனை மணிக்கு வரும், குறைந்திருந்தால் என்ன செய்வது. கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும். வட அமெரிக்காவில் 9 மருத்துவமனைகளில் ‘ஐ-பாஸ்’ என்ற பெயரில் இதை முறைப்படுத்தினார்கள்; 2014இல் வெளியான ஆய்வின்படி மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. இவ்வளவு சொல்லியும் ‘டைம் இல்லை சார்’ என்பார்கள். வீட்டுக்குப் போய் பத்து போன் எடுக்க மட்டும் டைம் இருக்கும்.

வாய்ப்பேச்சில் டியூட்டி மாற்றுவது

ராஸ்டரில் (டியூட்டிப் பட்டியலில்) எழுதுங்கள்.

நைட் முடித்துப் பைக்கில் ஊருக்குப் போவது

தூங்கிவிட்டுப் போங்கள்.

லீவு கேட்கவே தயங்குவது

12 மணி நேர டியூட்டி, வாரம் 48 மணி நேரம் என்கிறது 1992 மத்திய அரசு வழிகாட்டுதல். அதைப் படித்துச் சிரிக்காத பிஜி இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிமுறைகளில் வாரம் ஒரு நாள் ஓய்வும் ஆண்டுக்கு 20 நாள் கேஷுவல் லீவும் உண்டு, ‘பணி அவசியத்துக்கு உட்பட்டு’ என்ற கொக்கியோடு. சரி, அந்தக் கொக்கியில் மாட்டாமல் இருக்க ஒரு வழிதான். மாதத் தொடக்கத்திலேயே யூனிட் பிஜிக்கள் உட்கார்ந்து பேசி, யாருக்கு எந்த நாள் என்று எழுதிக்கொண்டு, சேர்ந்தே யூனிட் தலைவரான சீஃபிடம் போங்கள். தனித்தனியாகப் போனால் முதலில் கேட்டவருக்குக் கிடைக்கும். மற்றவர்கள் அவரை ஆண்டு முழுக்க முறைத்துக்கொண்டிருப்பார்கள்.