ஸ்டார் போட விடாத செயலி

ஒரே சந்தாவில் நிறைய செயலிகள் தரும் தளம் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அதிலுள்ள குறிப்பெழுதும் செயலிக்கு மதிப்பீடு போடலாம் என்று போனால் ஸ்டார்கள் மங்கிக் கிடந்தன, தட்டினாலும் அசையவில்லை, மற்ற செயலிகளுக்கோ ஒழுங்காக வேலை செய்தது. லாக் அவுட், கேஷ் அழிப்பு என்று வழக்கமான வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று.

அப்புறம் செயலியின் 'அபௌட்' பெட்டியைத் திறந்தால், 'சோதனைப் பதிப்பு' என்று போட்டிருந்தது. சந்தா எடுப்பதற்கு முன்பே தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கிய பழைய பிரதிதான் இத்தனை நாளும் திறந்துகொண்டிருந்தது! தளத்தின் கணக்கில் நான் அந்தச் செயலியைத் தொட்டதே இல்லை, பயன்படுத்தாதவரை ஸ்டார் போட விடாது. நியாயமான விதிதான், ஆனால் காரணத்தை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம்.

குறிப்புகளை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு, பழையதை நீக்கி, தளத்தின் வழியாகவே நிறுவிக் கொஞ்சம் வேலை பார்த்தேன். ஸ்டார்கள் உயிர்பெற்றன.

மூன்று ஸ்டார் போட்டேன். விமர்சனத்தில் 'தேடல் சரியில்லை' என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை என்பதால், பதிப்பு எண்ணோடு, தமிழ்ச் சொல்லின் பாதியைத் தட்டினால் எதுவும் வருவதில்லை என்று குறிப்பிட்டேன். அடுத்த அப்டேட்டில் அது சரியானது. புதிதாக ஒன்று எழுதாமல் பழைய விமர்சனத்தையே திருத்தி நான்காக்கினேன். ஐந்து? அடிக்கொரு தரம் 'எங்களை மதிப்பிடுங்கள்' என்று எட்டிப் பார்ப்பதை நிறுத்தட்டும், பார்க்கலாம். ஆப்பிள்கூடத் தன் மதிப்பீட்டுப் பெட்டியை 365 நாளில் மூன்று தடவைக்கு மேல் காட்ட விடுவதில்லை.