புது ஆட்டோகேட் போட்டதும் கை ஓடலையா? பழைய பழக்கத்தை திருப்பி கொண்டு வர்றது எப்படி

எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணன் இருக்காரு, இருபது வருஷத்துக்கு மேல ட்ராயிங் போடுறவர், கீபோர்டை பார்க்கவே மாட்டாரு, இடது கை பாட்டுக்கு கமாண்ட் அடிச்சுக்கிட்டே இருக்கும். ஆட்டோகேட்ங்கிற ட்ராயிங் சாப்ட்வேரோட புது வெர்ஷன் போட்ட அன்னிக்கு டிஆர் (கோட்டை வெட்டுற ட்ரிம் கமாண்டோட ஷார்ட்கட்) அடிச்சு ஸ்பேஸ் தட்டி, எப்பவும் போல வெட்டுற எல்லைக்கோட்டை தொட்டாரு, அந்த எல்லைக்கோடே வெட்டுப்பட்டு போயிடுச்சு. அன்டூ பண்ணிட்டு மறுபடி தொட்டா மறுபடி அதே கதை. "தம்பி, எனக்கு வேலை மறந்துடுச்சாடா"ன்னு கேட்டாரு பாருங்க, அதான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அவருக்கு எதுவும் மறக்கல, ட்ரிம் வேலை செய்யுற விதத்தையே மாத்திட்டாங்க.

ஆட்டோகேட் 2021ல இருந்து ட்ரிம், கோட்டை நீட்டுற எக்ஸ்டெண்ட் ரெண்டும் குவிக் மோட்ல தான் வரும். எல்லா கோட்டையும் அதுவே எல்லையா எடுத்துக்கும், நீங்க தொடுறது நேரா வெட்டுப்படும். பழைய மாதிரி வேணும்னா ட்ரிம்எக்ஸ்டெண்ட்மோட்னு அடிச்சு 0 குடுங்க, அவ்வளவுதான். (கமாண்ட் பேரை எல்லாம் நான் தமிழ்ல எழுதுறேன், நீங்க இங்கிலீஷ் எழுத்துல இடைவெளி விடாம ஒரே வார்த்தையா அடிக்கணும்.) ஆனா ஒண்ணு, ஒரு வாரம் புது மோட்லயும் பழகி பாருங்க, நிறைய கோட்டை வெட்டணும்னா நிஜமாவே வேகமா இருக்கு.

சரி, இனிமே தான் அப்டேட் பண்ண போறீங்கன்னா முதல்ல இதை கேளுங்க. பழைய வெர்ஷனை அன்இன்ஸ்டால் பண்ணவே பண்ணாதீங்க. ஆட்டோகேட் ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டு வெர்ஷன் பக்கத்து பக்கத்துல இருக்கும், ஒண்ணோட ஒண்ணு மோதாது. புது வெர்ஷன் பெரும்பாலும் மார்ச் வாக்குல தான் வருது, நமக்கோ அது வருஷக் கடைசி, பில் போடுற நேரம், எல்லா சைட்டுக்கும் ட்ராயிங் குடுத்தாகணும். அந்த நேரத்துல கை வைக்காதீங்க, ஓடிக்கிட்டு இருக்குற ப்ராஜெக்டை பழசுலயே முடிச்சிடுங்க. சந்தா கட்டுறவங்களுக்கு இப்ப இருக்குறதோட சேர்த்து முந்தின மூணு வெர்ஷன் வரைக்கும் கிடைக்கும், அதனால மாத்த நிதானமா டைம் எடுத்துக்கலாம்.

அடுத்து டி டிரைவ்ல உங்க பேர்ல ஒரு போல்டர் போட்டு உங்க லிஸ்ப் பைல் (ஆட்டோகேட்டுக்குள்ள ஓடுற குட்டி ப்ரோக்ராம்), எஸ்ஹெச்எக்ஸ் பான்ட் (ஆட்டோகேட்டோட எழுத்து பைல்), டெம்ப்ளேட், சிடிபி (எந்த கலர் கோடு எந்த தடிமன்ல பிரிண்ட் ஆகணும்னு சொல்ற பைல்) எல்லாத்தையும் அதுல காப்பி பண்ணி வைங்க. சிடிபி எங்க இருக்குன்னு தேடி அலைய வேண்டாம், ஸ்டைல்ஸ்மேனேஜர்னு அடிச்சா அந்த போல்டரே திறக்கும். ஷார்ட்கட் இருக்குற பிஜிபி பைலை மட்டும் அப்படியே தூக்கி புதுசு மேல போடாதீங்க, நீங்களா மாத்தின வரிகளை மட்டும் எடுத்து புது பைலோட கடைசியில ஒட்டிட்டு ரீஇனிட் அடிங்க. அதே மாதிரி பழைய வெர்ஷன்ல எக்ஸ்போர்ட் பண்ண ப்ரொபைலை (உங்க செட்டிங்ஸ் தொகுப்பு) புதுசுல இம்போர்ட் பண்றதும் வேண்டாம், பழைய போல்டர் பாதை எல்லாம் அதுக்குள்ள ஒட்டிக்கிட்டு வந்து பின்னாடி படுத்தி எடுக்கும்.

நிறைய பேரோட கோபம் ரிப்பன் மேல தான், அதாவது ஸ்கிரீன் மேல டேப் டேப்பா வர்ற பட்டன் பட்டை. ரிப்பன் 2009 வெர்ஷன்லயே வந்தாச்சு, ஆனா கிளாசிக் ஒர்க்ஸ்பேஸ் (பழைய மெனு, டூல்பார் அமைப்பு) கூடவே இருந்ததால யாரும் கவலைப்படல, 2015ல அதையும் தூக்கிட்டு ஸ்கிரீனை வேற கருப்பாக்கிட்டாங்க, அப்பதான் எல்லாருக்கும் எரிஞ்சுது. எனக்கும் எரிஞ்சுது, பத்து வருஷமா கை போற இடத்துல பட்டன் இல்லைன்னா யாருக்கா இருந்தாலும் எரியும். ஆனா கிளாசிக்கை நாமளே கட்டிக்கலாம். மெனுபார் 1 குடுங்க, ரிப்பன்க்ளோஸ் அடிங்க, டூல்ஸ் மெனுவுல டூல்பார்ஸ் போய் ட்ரா, மாடிபை, லேயர்ஸ், ப்ராப்பர்ட்டீஸ் நாலையும் எடுத்து பழைய இடத்துல ஒட்டுங்க, கடைசியா டபிள்யூஎஸ்சேவ் அடிச்சு ஒரு பேர் குடுத்து சேமிச்சிடுங்க. சேமிக்காம விட்டா ஒர்க்ஸ்பேஸ் மாறுறப்ப எல்லாம் போயிடும். கருப்பு பிடிக்கலைன்னா கலர்தீம் 1.

டயலாக் பாக்ஸ் காணோம்னு சொல்றவங்களுக்கு: அரேக்கு அரேகிளாசிக், பிளாக் இன்செர்ட்டுக்கு கிளாசிக்இன்செர்ட், லேயருக்கு கிளாசிக்லேயர். ஓபன் அடிச்சா விண்டோவே வராம கமாண்ட் லைன்ல பைல் பேர் கேட்டா பைல்டயா 1 குடுங்க, இது வெர்ஷன் மாத்தினதால மட்டும் வர்றது இல்ல, ஒரு லிஸ்ப் பாதியில நின்னா கூட வரும்.

லிஸ்ப் லோட் பண்றப்ப எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை வருதுன்னா அந்த எச்சரிக்கையை கட்டுப்படுத்துற செக்யூர்லோடை 0 ஆக்க சொல்லி யாராவது சொல்வாங்க, தயவுசெஞ்சு அதை செய்யாதீங்க, ட்ராயிங் போல்டரோட ஒட்டிக்கிட்டு வர்ற லிஸ்ப் வைரஸ் நிஜமாவே இருக்கு. ஆப்ஷன்ஸ்ல பைல்ஸ் டேப் போய் டிரஸ்டட் லொகேஷன்ஸ்ல உங்க டி டிரைவ் போல்டரை சேர்த்தா அந்த எச்சரிக்கை வராது.

இப்ப ரொம்ப முக்கியமானது, பைல் பார்மட். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பேப்ரிகேட்டருக்கு ட்ராயிங் அனுப்பிட்டு நான் வீட்டுக்கு போயிட்டேன், அவர்கிட்ட இருந்தது 2010 வெர்ஷன், புது பார்மட் பைல் அதுல திறக்கல, ஞாயித்துக்கிழமை முழுக்க ஆளுங்க சும்மா உட்கார்ந்திருந்தாங்க, அவங்க கூலி போனது இன்னிக்கும் உறுத்துது. 2010ல இருந்து 2012 வெர்ஷன் வரைக்கும் 2010 பார்மட், 2013ல இருந்து 2017 வரைக்கும் 2013 பார்மட், அதுக்கு அப்புறம் 2018 பார்மட். பைல் எந்த பார்மட்னு சந்தேகம் வந்தா அதோட காப்பியை நோட்பேட்ல திறங்க, குப்பை குப்பையா தெரியும், ஆனா முதல் ஆறு எழுத்தை பாருங்க: ஏசி1024னா 2010, ஏசி1027னா 2013, ஏசி1032னா 2018. யாருக்கு அனுப்புறீங்களோ அவர்கிட்ட என்ன இருக்குன்னு ஒரு போன் போட்டு கேட்டுட்டு, ஆப்ஷன்ஸ்ல ஓபன் அண்ட் சேவ் டேப்ல சேவ் ஆஸை அந்த பார்மட்டுக்கு மாத்தி வைங்க. அவரே மாத்திக்கணும்னா டிடபிள்யூஜி ட்ரூவியூ இலவசமா கிடைக்குது.

மவுஸ் திக்கி திக்கி போகுதுன்னா கிராபிக்ஸ்கான்பிக் போய் ஹார்ட்வேர் ஆக்சலரேஷனை அணைச்சு பாருங்க, சரியாச்சுன்னா கிராபிக்ஸ் டிரைவரை புதுசாக்கிட்டு திரும்ப போடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் போன வருஷம் முடிச்ச ஏதாவது ஒரு ட்ராயிங்கை புதுசுல திறந்து ஏ1 சைஸ்ல பிரிண்ட் எடுங்க. பழைய பிரிண்டை மேஜையில பக்கத்துல விரிச்சு சுவர் கோட்டோட தடிமன், டைமென்ஷன் எழுத்து, ஹேட்ச், டைட்டில் பிளாக் நாலையும் ஒத்து பாருங்க. எழுத்து பெட்டி பெட்டியாவோ கேள்விக்குறியாவோ வந்தா பான்ட் வரல, எல்லா கோடும் ஒரே தடிமனா இருந்தா சிடிபி வரல. ரெண்டு தாளும் ஒத்துப்போற வரைக்கும் புது ப்ராஜெக்டை அதுல ஆரம்பிக்காதீங்க.