மழைக்கால பாங்காக்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே கடைசியிலும் அக்டோபரிலும் பாங்காக்கில் ஹோட்டல் வாடகை இறங்கும். நம் ஊரில் ஒன்று கோடை விடுமுறை, இன்னொன்று ஆயுத பூஜை விடுமுறை. டிக்கெட் போட்ட கையோடு வானிலை ஆப்பைத் திறந்தால் பத்து நாளுக்கும் வரிசையாக இடி மின்னல் படம். உடனே பயணத்தைத் தள்ளிப் போடலாமா என்று வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். முதல் தவறு இங்கேதான்.

அன்றைக்கு நகரத்தில் எங்கேயாவது, எப்போதாவது இடியுடன் மழை பெய்யலாம் என்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது. பெரும்பாலான நாட்களில் காலையில் வெயில் இருக்கும், மதியம் புழுங்கும், நாலு மணிக்கு மேல் வானம் கறுத்து ஒன்று ஒன்றரை மணி நேரம் கொட்டிவிட்டு ஓயும். செப்டம்பர்தான் மழை உச்சம். அந்த ஒரு மாதத்திலேயே 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்துவிடும். ஆக, மழை வருமா என்று கவலைப்பட்டு ஒன்றும் ஆகப் போவதில்லை, வரத்தான் செய்யும். அது வரும்போது நாம் எங்கே நிற்போம் என்பதை மட்டும் யோசித்தால் போதும். அன்றன்றைக்கு மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் பாங்காக் மாநகராட்சி இணையத்தில் போடும் மழை ராடார் படம் ஆப்பை விட உதவும்.

அரண்மனை, கோயில், படகு எல்லாம் காலையில். மால், மசாஜ், அருங்காட்சியகம் எல்லாம் நாலு மணிக்கு மேல். நம்மவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பத்து மணிக்கு எழுந்து, மால் சுற்றி, சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அரண்மனை போகலாம் என்று கிளம்புகிறார்கள். கிராண்ட் பேலஸ் காலை எட்டரைக்குத் திறந்து மாலை மூன்றரைக்கே டிக்கெட்டை நிறுத்திவிடும். வாசலுக்கு அருகில் யாராவது சிரித்துக்கொண்டே வந்து, இன்று காலை பூஜை, மதியம்தான் திறப்பார்கள், அதுவரை டுக்டுக் ஆட்டோவில் சுற்றிக் காட்டுகிறேன் என்றால் நம்ப வேண்டாம். அந்தச் சுற்று கடைசியில் நகைக்கடையில் போய் நிற்கும். நேராக வாசலுக்கே போய்ப் பாருங்கள்.

ஹோட்டல் எடுப்பதில் நடக்கும் தவறுதான் இருப்பதிலேயே விலை கூடியது. வரைபடத்தில் சுகும்வித் என்ற பிரதான சாலையின் பெயர் இருக்கும், படத்தில் நீச்சல் குளம் இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். போய்ப் பார்த்தால் பிரதான சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே, சோய் என்கிற சந்தின் கடைசியில் இருக்கும். பாங்காக் சோய்களில் பல மறுபக்கம் வழி இல்லாதவை. ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் அந்தச் சந்தில் கணுக்கால் வரை, சில இடங்களில் முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். வண்டி உள்ளே வராது, நீங்கள் வெளியே போக முடியாது. ஊரின் சராசரி உயரமே கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர்தான், தண்ணீரைப் பெரும்பாலும் பம்பு வைத்துத்தான் வெளியேற்ற வேண்டும்.

அதனால் நட்சத்திரத்தையும் நீச்சல் குளத்தையும் அப்புறம் பார்க்கலாம். பிடிஎஸ் வான்ரயில் நிலையமோ எம்ஆர்டி மெட்ரோ நிலையமோ எத்தனை நிமிட நடை என்று முதலில் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் என்றால் மழைக்காலத்துக்கு அது தூரம். சியாம் பிடிஎஸ் நிலையத்திலிருந்து சிட் லோம் நிலையம் வரை ரயில் பாதைக்கு அடியிலேயே நடைபாலம் போகிறது, பெரிய மால்கள் எல்லாம் அதனுடன் இணைந்திருக்கின்றன. அந்தப் பகுதியில் கொட்டும் மழையிலும் குடை விரிக்காமல் கணிசமான தூரம் நடக்கலாம். துணி வாங்கப் போகிறவர்களுக்குப் பிரதுனாம்தான் பழக்கம். அங்கே தங்குவதில் தவறில்லை, ஆனால் பிடிஎஸ் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். ஏர்போர்ட் ரயிலின் ராட்சபராரோப் நிலையத்துப் பக்கம் அறை கிடைத்தால் அதை எடுங்கள்.

மழை பிடித்த பிறகு டாக்சி தேடி ரோட்டோரம் நிற்பது அடுத்த தவறு. நாலு மணி வாக்கில் டாக்சிகளுக்கு ஷிஃப்ட் மாறும் நேரம். வண்டியை விடப் போகிற ஓட்டுநர் உங்கள் பக்கம் போவதாக இருந்தால்தான் ஏற்றுவார். அந்த நேரம் பார்த்துத்தான் மழையும் வரும். 35 பாட் (தாய்லாந்து நாணயம்) என்று மீட்டர் தொடங்க வேண்டிய வண்டி, மீட்டர் போடாமல் வாய்க்கு வந்த தொகை கேட்கும். கிராப், போல்ட் என்ற டாக்சி ஆப்கள் இரண்டிலும் விலை ஏறும், காத்திருப்பும் ஏறும். ஆரஞ்சு சட்டை போட்ட மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்கள் வரத் தயாராக இருப்பார்கள். ஈர ரோட்டில் அது தேவையா என்று நீங்களே யோசியுங்கள், என் ஓட்டு வேண்டாம் என்பதற்குத்தான். அருகில் இருக்கும் மாலில் ஏறி ஃபுட் கோர்ட்டில் சாப்பிட்டு முடிப்பதற்குள் மழை விட்டுவிடும்.

விமான நிலையத்துக்கும் இதே கணக்குதான். சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் இருக்கும் ஃபயா தாய் நிலையம் வரை ரயில் 45 பாட், அரை மணி நேரம். ஊர் திரும்பும் விமானம் இரவு என்றால் சாயங்கால மழையில் காரை நம்ப வேண்டாம்.

மே மாதத்தையும் அக்டோபரையும் ஒன்றாக நினைத்துத் திட்டம் போடுவதும் தவறுதான். மே கடைசியில் மழை அப்போதுதான் தொடங்குகிறது, வெயிலும் விட்டபாடில்லை. ஆனால் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் குவிந்து கிடக்கும். (டுரியானை ஹோட்டல் அறைக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள், அபராதம் போடுவார்கள்.) அக்டோபரில் வேறு கதை. வடக்கே மாதக்கணக்கில் பெய்த தண்ணீர் சாவ் பிரயா ஆற்றில் இறங்கி வரும் சமயம் அது. கடல் ஓதமும் சேர்ந்தால், பாங்காக்கில் ஒரு சொட்டு பெய்யாத நாளில்கூட ஆற்றங்கரைப் படகுத்துறைகளில் தண்ணீர் ஏறும். 2011 வெள்ளத்தில் டான் முயாங் விமான நிலையமே மூழ்கி மூடப்பட்டது. அப்படி எல்லா வருஷமும் நடப்பதில்லை. ஆனாலும் அக்டோபரில் பழைய தலைநகரான அயுத்தயா போவதென்றால் முந்தின நாள் நிலவரம் விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே ஆற்றோரத்து வாட் சாய்வத்தனாராம் கோயிலுக்கு வெள்ளத் தடுப்பு வைக்கும் காலம் அது.

தீவு சேர்த்துப் போகிறவர்கள் பக்கத்தை மாற்றிக் குழம்புகிறார்கள். புக்கெட், கிராபி இருக்கும் அந்தமான் கடல் பக்கம் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, கடலும் கொந்தளிக்கும். சிமிலன் தீவுகளை மே நடுவில் மூடி அக்டோபர் நடுவில்தான் திறக்கிறார்கள். பீ பீ தீவுகளில் இருக்கும் மாயா பே கடற்கரை ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் மூடல். கோ சமுய் மறுபக்கம், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிறது. அங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நம் கடற்கரையை நனைக்கும் அதே பருவம். எனவே மே, ஜூனில் சமுய் பரவாயில்லை. அக்டோபர் நடுவில் இரண்டு பக்கமும் சந்தேகம்தான், பேசாமல் பாங்காக்கிலேயே இரண்டு நாள் கூட்டிக்கொள்ளலாம்.

உடுப்பு பற்றிச் சுருக்கமாக: ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் மறுநாளும் காயாது. கோயில்களில் தோளும் முழங்காலும் மறைய வேண்டும் என்பதால் அரைக்கால் சட்டையும் உதவாது. மெல்லிய முழுக்கால் பேன்ட், வழுக்காத செருப்பு. ரெயின்கோட் செவன்-இலெவன் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், இங்கிருந்து சுமக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சால்வை கட்டாயம் வேண்டும். நனைந்த உடம்போடு ரயில் ஏசியில் ஏறினால் பல் கிட்டிக்கும்.

சைவக்காரர்கள் அக்டோபரை மழைக்குப் பயந்து விட்டுவிடுவதை நான் பெரிய நஷ்டம் என்பேன். சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் சைவத் திருவிழா நடக்கும். பாங்காக்கின் சைனாடவுனான யாவ்வராத் தெரு முழுக்க மஞ்சள் கொடி கட்டிய கடைகள். இறைச்சியும் மீன் சாஸும் இல்லை, பூண்டும் வெங்காயமும் கூட இல்லை. பல வருஷங்களில் அதே ஒன்பது நாட்கள்தான் நமக்கு நவராத்திரி. சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மகா மாரியம்மன் கோயிலில் விஜயதசமி இரவு அம்மன் ஊர்வலம். தாய்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளை உடுத்திச் சாமந்தி மாலையோடு வருவார்கள். அன்று சீலோமில் வண்டி ஓடாது. அந்தப் பக்கம் அறை எடுத்திருந்தால் பெட்டியோடு வந்து சேரும் நேரத்தை அன்று சாயங்காலமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

தேங்கிய தண்ணீரில் படம் எடுக்க இறங்குவது விளையாட்டில்லை. சாக்கடையும் எலிச் சிறுநீரும் கலந்த தண்ணீர், எலிக்காய்ச்சல் வரும். எங்கே சாக்கடை மூடி திறந்திருக்கிறது, எங்கே மின்கம்பி கசிகிறது என்பதும் தெரியாது. காலில் புண் இருந்தால் அறவே வேண்டாம். டெங்கு கொசு பகலில்தான் அதிகம் கடிக்கும் என்பதால், இரவுக்கு மட்டும் களிம்பு தடவிக்கொள்வது போதாது. கடித்து நாலு முதல் பத்து நாளில் காய்ச்சல் வரும், அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள். அப்படி வந்தால் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எதையும் போடாமல், பாராசிட்டமால் மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். தாய்லாந்து போய் வந்ததை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.