காட்டுத்தீயும் அயல்நாட்டு உதவியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2017 ஜூன் 17, சனிக்கிழமை. போர்ச்சுகலின் நடுப்பகுதியில் பெட்ரோகாவ் கிராண்டே என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் பற்றிய தீ 66 பேரின் உயிரைக் குடித்தது. அவர்களில் பெரும்பாலோர் காரை எடுத்துக்கொண்டு தப்பிக்கக் கிளம்பி, என்-236 சாலையிலும் அதை ஒட்டியும் சிக்கிக்கொண்டவர்கள். இரண்டொரு நாளில் ஸ்பெயின், பிரான்ஸ், இத்தாலி நாட்டு விமானங்கள் உதவிக்கு வந்தன. செவ்வாய்க்கிழமை, தீயணைக்கப் போன விமானம் ஒன்று விழுந்துவிட்டது என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. தேடுவதற்கு ஆட்களை அனுப்பினார்கள். எந்த விமானமும் விழவில்லை. கைவிடப்பட்ட ஒரு டிரெய்லரில் இருந்த கேஸ் சிலிண்டர்கள் வெடித்த சத்தம்தான் அப்படி வதந்தியாகக் கிளம்பியிருந்தது.

அதே நாட்களில் எல்லைக்கு அந்தப் பக்கம், ஸ்பெயினின் கலீசியா பகுதியிலிருந்து சுமார் 60 தீயணைப்பு வீரர்கள் தாங்களாகவே புறப்பட்டார்கள். அனுபவசாலிகள், அண்டை ஊர்க்காரர்கள், மொழியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனாலும், முறைப்படி கேட்காத உதவி என்று போர்ச்சுகல் அவர்களை ஏற்கவில்லை. இது பலருக்குக் கோபத்தைக் கிளப்பியது. என்னைக் கேட்டால் போர்ச்சுகல் செய்தது சரிதான்.

காட்டுத்தீயில் காற்று திசை மாறினால் சில நிமிடங்களில் மொத்த வரிசையும் பின்வாங்க வேண்டியிருக்கும். யார் எந்த மேட்டில் நிற்கிறார்கள், எத்தனை பேர், எந்த வயர்லெஸ் அலைவரிசையில் இருக்கிறார்கள் என்பது கட்டளை மையத்துக்குத் தெரியாவிட்டால், அந்த 60 பேரைக் காப்பாற்ற இன்னொரு 60 பேரை அனுப்ப வேண்டிவரும். கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் பந்தி நேரத்தில் கேட்காமல் கரண்டி பிடிக்க வந்தவர்களைப் போலத்தான்: நல்ல சமையல்காரராகவே இருந்தாலும் இடைஞ்சல். அதிலும் பெட்ரோகாவ் தீயின்போது போர்ச்சுகலின் சொந்த அவசரகாலத் தொடர்பு வலையமைப்பே பல இடங்களில் செயலிழந்திருந்தது. உள்ளூர்க்காரர்களுக்கே ஒருவரையொருவர் பிடிக்க முடியாத இடத்தில் புதியவர்களை எப்படி நிறுத்துவது?

பெரிய காட்டுத்தீகளில் அயல்நாட்டு உதவி எங்கெல்லாம் தடுக்கியது என்று பார்த்தால் அனுப்புகிறவர், கேட்கிறவர், பணம் போடுகிறவர், கைப்பேசியில் செய்தியைத் தட்டிவிடுகிறவர் என்று எல்லோருக்கும் பங்கு இருக்கிறது.

வெளிநாட்டு விமானம் வந்து காப்பாற்றும் என்று நம்புவது

கிரேக்கத்தில் ஏதென்ஸுக்குக் கிழக்கே மாட்டி என்ற கடற்கரை ஊர். 2018 ஜூலை 23 அன்று மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் மலையில் பிடித்த தீ, சூறைக்காற்றோடு இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் கடலைத் தொட்டுவிட்டது. இறந்தவர்கள் 104 பேர். உதவ முன்வந்த நாடுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் எந்த நாட்டு விமானம் வந்து சேர முடியும்?

பெட்ரோகாவிலும் இதே கதைதான். அங்கும் மாட்டியிலும் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளூர்க் கேள்விகள்: மக்களை வெளியேறச் சொன்னது யார், எப்போது, எந்தச் சாலையை மூடினார்கள், எதைத் திறந்துவைத்தார்கள்? அயல்நாட்டு உதவி பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் அதற்குப் பிந்தைய நாட்களுக்கும் உரியது. களைத்துப்போன உள்ளூர் வீரர்களை மாற்றிவிடவும், தீ அடுத்த பள்ளத்தாக்குக்குத் தாவாமல் தடுக்கவும் அது பெரிதும் பயன்படும். முதல் மாலையின் உயிர்களைக் காப்பது உள்ளூர் எச்சரிக்கை மணியும் வெளியேறும் பாதையும்தான்.

இன்னொன்று, விமானம் தீயை அணைக்கிறது என்பதே பாதி உண்மை. கனடேர் சிஎல்-415 ரக விமானம் ஏரியையோ கடலையோ உரசிக்கொண்டு 12 விநாடியில் 6,000 லிட்டருக்கு மேல் தண்ணீரை அள்ளிவிடும். பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். அந்தத் தண்ணீர் தீயின் வேகத்தைத் தணிக்கும். கீழே மண்வெட்டியோடும் குழாயோடும் ஆட்கள் இருந்தால்தான் அந்த அவகாசத்துக்குப் பயன். புகை அடர்ந்தாலோ காற்று மிஞ்சினாலோ பறக்கவும் முடியாது.

கேட்பதைக் கௌரவப் பிரச்சினை ஆக்குவது

2021 ஜூலை கடைசியில் துருக்கியின் தென்கரையில், மானவ்காட்டில் தொடங்கி ஊர் ஊராகத் தீ பரவியது. துருக்கி வான்பயணக் கழகத்தின் பழைய தீயணைப்பு விமானங்கள் பறக்கும் நிலையில் இல்லை. அரசு வாடகைக்கு எடுத்திருந்த சில ரஷ்ய விமானங்களை நம்பியே காலம் ஓடியது. துருக்கிக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோள் சமூக ஊடகங்களில் ஆங்கிலத்தில் பரவியபோது, ஆட்சியாளர்கள் அதை நாட்டை இழிவுபடுத்தும் சதியாகப் பார்த்தார்கள். அரசு வழக்கறிஞர்கள் அந்தப் பதிவுகள் மீது விசாரணையே தொடங்கினார்கள். கடைசியில் குரோவேஷியாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் வழியாக விமானங்கள் வரத்தான் செய்தன. உக்ரைனும் அஸர்பைஜானும்கூட உதவின. கேட்டதற்காக யாரும் துருக்கியைக் குறைவாக எண்ணவில்லை. ஆகஸ்ட் 14 அன்று அந்த ரஷ்ய விமானங்களில் ஒன்று மலையில் மோதி, ரஷ்யர் ஐவரும் துருக்கியர் மூவரும் இறந்தார்கள்.

தாமதத்துக்கு வேறொரு விலையும் உண்டு. மத்திய தரைக்கடல் நாடுகளில் தீக்காலம் ஏறக்குறைய ஒரே சமயத்தில்தான் வரும். பக்கத்து வீட்டிலும் தீ என்றால் யாரிடம் கேட்பது? 2017 அக்டோபர் 15 அன்று ஒஃபீலியா புயலின் காற்று போர்ச்சுகலையும் கலீசியாவையும் சேர்த்தே எரித்தது. போர்ச்சுகலில் மட்டும் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். ஜூனில் உதவிய ஸ்பெயினுக்கு அன்று தன் வீட்டுத் தீயே போதும் போதும் என்று இருந்தது. உறுப்பு நாடுகள் மனம் வைத்தால் உதவி என்ற ஏற்பாடு போதாது என்று ஐரோப்பிய ஒன்றியம் உணர்ந்தது இதற்குப் பிறகுதான். 2019இல் ரெஸ்க்-ஈயூ என்ற, தீயணைப்பு விமானங்கள் உள்ளிட்ட பொதுக் கையிருப்பை உருவாக்கினார்கள். 2022 முதல் கோடைக்காலத்தில் பல நாட்டுத் தீயணைப்பு வீரர்கள் முன்கூட்டியே கிரேக்கத்துக்குப் போய்த் தங்கிவிடுகிறார்கள். தீ பிடிக்கும் முன்பே அந்த ஊர்ச் சாலையும் வயர்லெஸ்ஸும் பழகிவிடுகிறது. இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் வரும் உதவிகளிலேயே மலிவானதும் சத்தமில்லாததும் இதுதான்.

ஆட்களை அனுப்பிவிட்டு விவரங்களை மறப்பது

2016 மே மாதம் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மெக்மர்ரி நகரம் தீக்கு இரையானது. சுமார் 88,000 பேர் வெளியேறினார்கள். மே கடைசியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து 300 தீயணைப்பு வீரர்கள் எட்மண்டன் விமான நிலையத்தில் வந்திறங்கினார்கள். வேலையில்லாத இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து உருவாக்கிய அரசுத் திட்டத்தில் இருந்தவர்கள். இறங்கியதும் அவர்கள் பாடி ஆடிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. எல்லோருக்கும் மனம் நெகிழ்ந்தது.

ஒன்றிரண்டு வாரத்தில் அவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். காரணம் கூலி. அவர்களுக்குப் பேசியிருந்த நாள் படி 50 கனடிய டாலர். அதிலும் 15 டாலர்தான் கையில், மீதி ஊர் திரும்பிய பிறகு. ஆல்பர்ட்டாவில் அப்போது குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 11.20 டாலர். ஆல்பர்ட்டா அரசு தென்னாப்பிரிக்கத் தரப்புக்கு ஆளுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தப்படி கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. நடுவில் என்ன கணக்கு என்பது தீக்களத்தில் நின்றவர்களுக்குப் புரியவில்லை. தங்கள் மண்ணில் வேலை செய்கிற எவருக்கும் மாகாணத் தொழிலாளர் சட்டப்படி சம்பளம் போகும் என்று முதல்வர் ரேச்சல் நாட்லி அறிவிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் அந்தப் படை முன்னதாகவே ஊர் திரும்பியது.

இந்த விவகாரத்தில் ஆளாளுக்கு ஒரு தரப்பைக் குற்றம் சொன்னார்கள். எனக்கு உறுத்துவது வேறு. ஆடிப்பாடி இறங்கிய காட்சியைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அவர்களுக்கு என்ன சம்பளம் என்று யோசித்தார்கள்? உதவி என்றாலே தியாகம், தியாகம் என்றால் கூலி பேசக் கூடாது என்று நாமாக வைத்துக்கொண்டோம். அயல்நாட்டுத் தீயணைப்புப் படை என்பதும் ஒரு வேலை ஒப்பந்தம்தான். கூலி, காப்பீடு, சாப்பாடு, ஓய்வு எல்லாம் விமானம் ஏறும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். நல்லவேளை, உறவு அத்தோடு முறியவில்லை. 2023இல் கனடா வரலாறு காணாத அளவுக்கு எரிந்தபோது தென்னாப்பிரிக்க வீரர்கள் மறுபடியும் போனார்கள்.

சின்ன விவரங்களும் காலை வாரும். குழாயோடு குழாயைப் பொருத்தும் கப்ளிங் ஜெர்மனியில் ஒரு வகை, ஸ்பெயினில் வேறு வகை, பிரான்ஸில் மற்றொன்று. மாற்றிணைப்புத் துண்டு கொண்டுவர மறந்தால், லட்சக்கணக்கில் செலவழித்துக் கொண்டுவந்த வண்டி உள்ளூர்த் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் வெறுமனே நிற்கும்.

பழைய துணி மூட்டை

2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்தில் 173 பேர் காட்டுத்தீயில் இறந்தார்கள். நாடு முழுவதும் மனமுருகிப் பொருட்களை அனுப்பியது. சேர்ந்தவை 40,000 பலகை அடுக்குகளுக்கு மேல். லாரியில் ஏற்ற மரப்பலகை மேல் அடுக்குவார்களே, அந்தக் கணக்கு. வைப்பதற்கு 50,000 சதுர மீட்டருக்கு மேல் கிடங்கு தேவைப்பட்டது. பிரிக்க, அடுக்க, கொண்டுபோக என்று 80 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் செலவானது. ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட உதவியிருக்கக்கூடிய பணம் கிடங்கு வாடகையாகப் போனது.

நாகப்பட்டினத்தில் சுனாமிக்குப் பிறகு சாலையோரம் குவிந்து கிடந்த பழைய துணிகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. உள்நாட்டிலேயே இப்படி என்றால், கடல் கடந்து பெட்டி அனுப்பினால் சுங்கமும் கப்பல் கூலியும் வேறு. அந்த நாட்டு நிவாரண அமைப்பு பட்டியல் போட்டுக் கேட்டாலொழிய பொருள் அனுப்ப வேண்டாம்.

எங்கே போகிறது என்று பார்க்காமல் பணம் போடுவது

அப்படியானால் பணம்? பணம்தான் நல்லது, ஆனால் படித்துவிட்டுப் போடுங்கள். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியா எரிந்துகொண்டிருந்தபோது நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஃபேஸ்புக்கில் நிதி திரட்டினார். 30,000 டாலர் என்று ஆரம்பித்தது ஐந்து கோடி ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. பல நாடுகளிலிருந்தும் மக்கள் போட்ட பணம். வீடிழந்தவர்களுக்கு, காயம்பட்ட விலங்குகளுக்கு, மற்ற மாகாணங்களுக்கு என்று ஆளுக்கொன்று மனதில் வைத்துத்தான் போட்டார்கள். பார்பரும் பகிர்ந்து கொடுக்கவே விரும்பினார்.

ஆனால் அந்தப் பக்கத்தில் பெறுநராகக் குறித்திருந்தது நியூ சவுத் வேல்ஸ் ஊரகத் தீயணைப்புப் படையின் நன்கொடை அறக்கட்டளை. அதன் பத்திரப்படி படைப்பிரிவுகளின் கருவிகள், பயிற்சி போன்றவற்றுக்குத்தான் செலவழிக்கலாம். விவகாரம் மாகாண உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2020 மே மாதம் தீர்ப்பு வந்தது: இறந்த வீரர்களின் குடும்பங்களுக்கும் காயமடைந்த வீரர்களுக்கும் வீரர்களின் மனநல உதவிக்கும் கொடுக்கலாம், மற்ற அறக்கட்டளைகளுக்கோ மற்ற மாகாணங்களுக்கோ திருப்பிவிட முடியாது. யாரும் ஏமாற்றவில்லை, ஒரு காசு திருடு போகவில்லை. இருந்தும் கொடுத்தவர்களில் பலரின் எண்ணம் நிறைவேறவில்லை. பக்கத்தை நடத்துகிறவரின் பேச்சைவிட, பணம் போய்ச்சேரும் அமைப்பின் நோக்கப் பத்திரமே செல்லும்.

பெட்ரோகாவில் நடந்தது வேறு மாதிரி. எரிந்த குடியிருப்பு வீடுகளைக் கட்ட வந்த நிதியில், யாரும் நிரந்தரமாகக் குடியிராத வீடுகளும் புதுப்பிக்கப்பட்டதாக வழக்கு. 2022இல் விசாரணை நீதிமன்றம் அப்போதைய மேயர் உள்படப் பலரைக் குற்றவாளிகள் என்றது.

இந்தியாவிலிருந்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: வெளிநாட்டு அறக்கட்டளைக்கு நேரடியாகக் கொடுத்தால் வருமான வரிச்சலுகை கிடையாது. தெரிந்தே கொடுத்தால் சரி.

வந்தவர்களை மறப்பது, அவர்களுக்கே இடைஞ்சல் ஆவது

2010 டிசம்பரில் இஸ்ரேலின் கார்மல் மலையில் 44 பேரைக் கொன்ற தீயின்போது அந்த நாட்டிடம் தீயணைப்பு விமானங்களே இல்லை. காஸாவுக்குப் போன துருக்கிக் கப்பலை இஸ்ரேல் படை மறித்து, ரத்தம் சிந்தி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அப்படியும் துருக்கி விமானம் அனுப்பியது. பாலஸ்தீன வீரர்கள் வண்டிகளோடு வந்து நின்றார்கள். பிறகு அந்தப் பாலஸ்தீனர்களைக் கௌரவிக்க விழா ஏற்பாடு செய்தார்கள். அவர்களில் சிலருக்கு உள்ளே வர அனுமதிச் சீட்டு கிடைக்காததால் விழாவே ரத்தானது.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் எரிந்தபோது கியூபெக்கின் நீர் அள்ளும் விமானங்களைக் காட்டி, கனடா ஓடோடி வந்து உதவுகிறது என்று பலரும் பகிர்ந்தார்கள். உண்மையில் அவை 1994 முதல் ஆண்டுதோறும் குத்தகைக்கு வருகிறவை. தீ பிடித்தபோது ஏற்கெனவே அங்கேதான் இருந்தன. ஜனவரி 9 அன்று அவற்றில் ஒன்றின் மீது, தீயை வேடிக்கை பார்க்க ஒருவர் பறக்கவிட்ட டிரோன் மோதியது. இறக்கையில் ஓட்டை விழுந்தது. தீ உச்சத்தில் இருந்த நேரத்தில் அந்த விமானம் சில நாட்கள் தரையில் நின்றது. டிரோன்காரர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பழுதுபார்த்த செலவாக 65,000 டாலருக்கு மேல் கட்டவும் தீ நிவாரணப் பணிக்காக 150 மணி நேரம் சமூக சேவை செய்யவும் சம்மதித்தார்.