டிஜிட்டல் சாக்ஸபோன்: கடலோர வீட்டில் முதல் மாதம்

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நடக்கும் இடம்தான் உண்டு. இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு விடியலில் கரை சேர்ந்தவர்கள் பகலில் உறங்கும் வீடுகள் அவை என்பதால், பித்தளை சாக்ஸபோனை எடுத்து ஊதிப் பழகுவதெல்லாம் இங்கே நடக்கிற காரியமில்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் எந்த நேரத்திலும் வாசிக்கலாம் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் டிஜிட்டல் சாக்ஸபோனுக்கு வந்தேன்.

வாங்குமுன் விசைகளைக் கவனிக்க வேண்டும். யமஹா ஒய்.டி.எஸ்-150, ரோலண்ட் ஏரோஃபோன் ஆகியவற்றில் விசைகள் உண்மையாகவே அழுந்தி எழும். அகாய் ஈ.டபிள்யூ.ஐ வகையிலோ விரல் பட்டாலே சுரம் மாறிவிடும். விரலைச் சும்மா வைத்துக்கொள்ளவும் முடியாது. வியர்வை ஓயாத நம் கரைக்கும் புதிதாகக் கற்பவருக்கும் அழுந்தும் விசையே ஏற்றது என்பது என் கருத்து. பின்னாளில் பித்தளைக் கருவிக்கு மாற எண்ணுபவர்களுக்கும் அதுவே நல்லது.

கழுத்துப் பட்டையின் நீளத்தை முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். வாயில் வைத்து ஊதும் முனையான மௌத்பீஸ் வாயைத் தேடி வர வேண்டுமே தவிர, வாய் மௌத்பீஸைத் தேடிக் குனியக் கூடாது. கீழுதட்டைக் கீழ்ப்பற்களின் மேல் சற்றே மடித்து, மேற்பற்களை மௌத்பீஸின் மேல் மெல்லப் பதித்து, வாயோரங்களில் காற்று கசியாமல் மூடிக்கொள்ள வேண்டும். சங்கு ஊதிப் பழகியவர்கள் இங்கே சற்றுத் தடுமாறுவார்கள். சங்கில் உதடுதான் அதிர்ந்து ஒலி எழுப்பும், இதில் உதட்டுக்கு அந்த வேலை இல்லை. பித்தளை சாக்ஸபோனில் அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய நாணல் தகடுதான் ரீட். இதில் அது போன்ற ஒன்று பொருத்தப்பட்டிருந்தாலும் அது அதிராது. உள்ளே இருக்கும் உணரி காற்றின் அழுத்தத்தை அளந்து, அதற்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது. நாகஸ்வரக்காரர் தம் கருவியின் நாணல் ஊதுமுனையான சீவாளியோடு படும் பாடு நமக்கு இல்லை என்பது ஒரு வசதிதான். ஆனால் பித்தளை சாக்ஸபோனில் உதடு தளர்ந்தால் சுருதி இறங்கிவிடும். டிஜிட்டல் கருவி பெரும்பாலும் அந்தப் பிழையை மறைத்து, உதடு தேர்ந்துவிட்டதாக நம்மை நம்பவைத்துவிடும்.

அதனால் முதல் இரண்டு வாரம் விரல்களை மறந்துவிட்டுக் காற்றை மட்டும் பழகுங்கள். கருவியில் பத்துக் கணக்கில் குரல்கள், அதாவது ஒலி வகைகள், இருக்கும். அவற்றை உருட்டிக்கொண்டிருந்தால் ஒரு மாலை போய்விடும். ஆல்ட்டோ குரல் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். தம்புரா செயலியை ஒலிக்கவிட்டு, ஒரே சுரத்தைப் பத்து விநாடி, பிறகு பதினைந்து விநாடி, கூடாமல் குறையாமல் நீட்ட வேண்டும். கன்னம் உப்பக் கூடாது. மூச்சு வயிற்றிலிருந்து வர வேண்டும். சுருதி ஆடாது என்றாலும் ஒலியின் அளவு ஆடும், அதிலேயே மூச்சின் நடுக்கம் தெரிந்துவிடும். மூச்சு முட்டினாலோ, இலேசாக ஊதியதற்கே கருவி அலறினாலோ, காற்று எதிர்ப்பு அளவை செட்டிங்கில் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கு நுனியை ரீடில் தொட்டு எடுத்து ‘து’ என்று தொடங்க வேண்டும். நாகஸ்வரத்தில் துத்துக்காரம் என்பார்களே, அந்தப் பழக்கம்தான். ஹெட்போன் வயர் உள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனில் ஊதிய பிறகு சற்றுத் தாமதித்தே ஒலி கேட்கும் என்பதால் தாளம் பிடிபடாது.

மூன்றாம் வாரத்தில் விரலுக்கு வாருங்கள். இடக்கை மேலே, வலக்கை கீழே. மேற்கத்திய சுரப் பெயர்களில் சொன்னால், இடக்கை ஆட்காட்டி விரல் மட்டும் அழுந்தினால் பி, நடுவிரலும் சேர்ந்தால் ஏ, மோதிர விரலும் சேர்ந்தால் ஜி. வலக்கையின் மூன்று விரல்களும் ஒவ்வொன்றாகச் சேரச் சேர எஃப், ஈ, டி என்று இறங்கும். மேல் ஸ்தாயிக்கு இடக்கைப் பெருவிரலால் ஆக்டேவ் விசையை அழுத்த வேண்டும். எல்லோரும் இடறும் இடம் நடு சி-யிலிருந்து அடுத்த டி-க்குப் போவது: நடுவிரல் ஒன்று மட்டும் இருந்த நிலையிலிருந்து ஆறு விரல்களும் பெருவிரலும் ஒரே நொடியில் விழ வேண்டும். ஒரு விரல் பிந்தினாலும் இடையில் வேண்டாத சுரம் ஒன்று ‘டிக்’ என்று எட்டிப் பார்க்கும். இந்த ஒரு மாற்றத்தை மட்டும் மிக மெதுவாக ஐம்பது தடவை செய்தால்தான் விரல்கள் வழிக்கு வரும்.

நம் ஊர்க் கணக்கில், கர்நாடக இசையின் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும். ஆனால் சி-யை ஸட்ஜமாக (‘ஸ’வாக) கொண்டால் அதன் சுத்த ரிஷபம் கீழ் ஸ்தாயியில் இடக்கைச் சுண்டுவிரலுக்குப் போகும், தொடக்கத்தில் அது வீண் வலி. ஜி-யை ஸட்ஜமாக வைத்து மோகனத்தின் ஐந்து சுரங்களில் தொடங்குவதையே நான் சொல்வேன். கட்டை என்பது சுருதியின் அளவு, ஒன்றாம் கட்டை என்றால் சி. ஆல்ட்டோ குரலில் சி விரலமைப்பு வாசித்தால் கேட்பது இரண்டரைக் கட்டை. டெனர் குரலில் அதுவே ஆறரைக் கட்டை. இது தெரியாமல் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டுக்கு அருகே நின்று நான் வாசித்து, எல்லோரும் திரும்பிப் பார்த்ததுண்டு. ஆல்ட்டோவில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் அளவை மூன்று அரைச்சுரம் இறக்கினால் சி விரலமைப்புக்கு ஒன்றாம் கட்டை கிடைத்துவிடும். சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் இப்போதைக்கு வேண்டாம். நாகஸ்வர வித்வானின் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத் (1949–2019) பித்தளை சாக்ஸபோனில் கர்நாடக கமகங்களைக் கொண்டுவந்தது பல வருட உழைப்பால்தான்.

இனி உப்புக் காற்று. வாடைக் காலத்தில் ஒரு மாதம் தொடாமல் வைத்திருந்த என் கருவியைத் திறந்தபோது, பேட்டரி கசிந்து, அதன் சுருள் கம்பியில் வெளிர்நீலப் பொடி பூத்திருந்தது. பஞ்சுக் குச்சியை வினிகரில் தொட்டு மெல்லத் தேய்த்து, உலரவிட்ட பிறகே உயிர் வந்தது. ஒரு வாரத்துக்கு மேல் வாசிக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். கடற்கரை மணலில் உட்கார்ந்து வாசிக்கும் ஆசையை விட்டுவிடலாம். வாசித்து முடித்ததும் கருவியின் அடித்துளை வழியே எச்சிலும் ஆவிநீரும் சொட்டும் என்பதால், மௌத்பீஸைக் கழற்றித் துடைத்துவிட்டு, கருவியை ஒரு பழைய துண்டின் மேல் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே பெட்டிக்குள் வைக்க வேண்டும்.